செயல்திட்டவழிக் கற்றல்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செயல்திட்டவழிக் கற்றல் என்பது பிள்ளைகள் வீட்டில் செய்து எடுத்துவரும் ‘ப்ராஜெக்ட்’தானே?

பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. பாடம் முழுவதையும் நடத்தி முடித்த பிறகு “எரிமலைக்கு ஒரு மாடல் செய்துகொண்டு வாருங்கள்” என்று ஆசிரியர் சொல்வதும், அட்டையும் தெர்மாகோலும் பசையுமாக ஒரு விடுமுறை நாள் கழிவதும், மறுநாள் அந்த மாடல் அலமாரியின் மேல் ஏறிவிடுவதும் நாம் அறிந்த வழக்கம். அங்கே மாணவர் அறிய வேண்டியதெல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது; மாடல் அதற்குச் சூட்டும் அலங்காரம். செயல்திட்டவழிக் கற்றலில் இந்த வரிசை மாறுகிறது. முதலில் ஒரு கேள்வியோ சிக்கலோ மாணவர் முன் வைக்கப்படுகிறது; அதற்கு விடை காணத் தேவையான பாடம், தேவைப்படும் இடத்தில் கற்பிக்கப்படுகிறது; இரண்டு வாரமோ ஆறு வாரமோ உழைத்து மாணவர்கள் உருவாக்கும் அறிக்கை, கருவி, வரைபடம், பரிந்துரை போன்ற ஏதோ ஒன்று அதைப் பயன்படுத்தக்கூடிய ஒருவரிடம் போய்ச் சேருகிறது. இப்பக்கத்தில் ‘செயல்திட்டம்’ என்று வருமிடமெல்லாம் இந்தப் பொருளிலேயே ஆளப்படுகிறது.

‘மெய்யான’ செயல்திட்டம் என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அந்த அடைமொழி எதற்கு?

மாணவர் செய்யும் வேலைக்கும் பள்ளிக்கு வெளியே அத்துறையினர் செய்யும் வேலைக்கும் உறவு இருக்க வேண்டும் என்பதை அது குறிக்கிறது. மூன்று அடையாளங்களை வைத்து இதைச் சோதிக்கலாம் என்பது என் கருத்து. கேள்விக்கான விடை ஆசிரியரின் கையேட்டில் இருக்கக்கூடாது. வேலையின் முடிவு யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். அந்த ஒருவர் “இது சரியில்லை” என்று திருப்பித் தரக்கூடியவராகவும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாராட்டுவதற்கென்றே அழைக்கப்பட்ட விருந்தினர் முன் படைக்கப்படும் எந்த வேலையும் நாடக ஒத்திகையாகவே முடியும்.

இதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்ற சிற்றூரின் தொடக்கப்பள்ளியில் பயின்ற, எட்டு முதல் பத்து வயது வரையுள்ள 25 மாணவர்கள், பம்பிள் தேனீக்கள் பூக்களை எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று தாங்களே கேள்வி எழுப்பி, ஓர் அறிவியலாளரின் துணையோடு சோதனை வடிவமைத்தார்கள். ஒளியூட்டப்பட்ட வண்ண வட்டங்களே பூக்கள். சிலவற்றில் சர்க்கரை நீர், சிலவற்றில் உப்பு நீர். தேனீக்கள் நிறத்தை மட்டுமல்லாமல் வட்டங்கள் அமைந்திருக்கும் இடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள். கட்டுரை 2010 டிசம்பரில், ராயல் சொசைட்டி வெளியிடும் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ ஆய்விதழில், பிள்ளைகளின் சொற்களிலும் வண்ணப் பென்சில் படங்களோடும் வெளியானது. அதில் முந்தைய ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகள் இல்லை. இதழ் அந்தக் குறையை அறிந்தே ஏற்றுக்கொண்டது. அந்தக் கேள்விக்கான விடை அதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லாததால், தேனீ எந்த வட்டத்தில் இறங்குகிறது என்பதை அந்தப் பிள்ளைகள் தாங்களே உற்றுப்பார்த்துக் குறித்தாக வேண்டியிருந்தது.

எல்லாப் பள்ளியும் ஆய்விதழுக்கு எழுத வேண்டும் என்பதில்லை. 1995 முதல் நடந்துவரும் ‘குளோப்’ என்னும் பன்னாட்டுத் திட்டத்தில், மாணவர்கள் தம் பள்ளி வளாகத்திலேயே வெப்பநிலை, மழையளவு, மேகங்கள், மண் ஆகியவற்றை வரையறுத்த முறைப்படி பதிவுசெய்து பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். அந்த அளவீட்டை வேறொருவர் எடுத்தாளக்கூடும் என்பதே அதை மெய்யாக்கப் போதுமானது.

இது அண்மையில் வந்த மோஸ்தரா?

நூற்றாண்டைக் கடந்த எண்ணம் இது. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1896இல் தொடங்கிய சோதனைப் பள்ளியில் நெசவும் தச்சும் சமையலும் பாடங்களுக்கான வாயில்களாக இருந்தன. அவரைப் பின்பற்றிய வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரையால் ‘செயல்திட்ட முறை’ என்ற பெயர் பரவியது. கைத்தொழிலை மையமாக வைத்த காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937இல் வார்தா மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவப் பள்ளி, 1969இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே, நோயாளியின் சிக்கலிலிருந்து பாடம் தொடங்கும் முறையை மேற்கொண்டது. அனுபவத்தைப் போற்றிய டூயியே 1938இல், எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்று தம் ஆதரவாளர்களை எச்சரித்திருக்கிறார் என்பதை, இம்முறையைக் கண்மூடிப் புகழ்வோர் நினைவில் கொள்வது நல்லது.

வகுப்பறையில் இது நடைமுறையில் எப்படி இருக்கும்?

ஓர் ஏழாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். பாடம் விகிதமும் விகிதசமமும். பள்ளியில் சில குழாய்கள் ஒழுகுகின்றன. “நம் பள்ளியில் ஒழுகும் குழாய்களால் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது, எந்தக் குழாயை முதலில் சரிசெய்ய வேண்டும்?” என்பது கேள்வி. கட்டடப் பராமரிப்பைக் கவனிப்பவர் வகுப்புக்கு வந்து, ஒரு நாளில் எல்லாவற்றையும் சரிசெய்ய இயலாது என்றும், வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று கிடைத்தால் அதன்படி வேலை தொடங்குவதாகவும் சொல்கிறார்.

முதல் நாள் ஒரே குழாயை மூன்று குழுக்கள் அடுத்தடுத்து அளக்கின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு குழு 250 மில்லிலிட்டர் என்கிறது, இன்னொன்று 240 என்கிறது, மற்றொன்று 270 என்கிறது. யார் சரி என்ற சண்டை உடனே மூள்கிறது. ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல், அளந்த விதத்தைச் செய்துகாட்டச் சொல்கிறார். 270 என்ற குழு அளவுக்குவளையை மேசைமேல் வைத்து, நின்றபடி மேலிருந்து குனிந்து பார்த்திருக்கிறது. கண் மட்டத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் அளவு கூடித் தெரியும். 240 என்ற குழுவில் குவளையை வைப்பவரும் நேரம் பார்ப்பவரும் வேறுவேறு ஆட்கள். நேரம் ஓடத் தொடங்கிய பிறகே குவளை குழாயின் கீழே போயிருக்கிறது. அளவீட்டுப் பிழை என்ற பாடத்தை அன்றைய அரைமணி நேரத்தில் நடத்திவிடலாம். எதற்காக என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு கணக்கு. பத்து நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் என்றால் மணிக்கு ஒன்றரை லிட்டர், நாளொன்றுக்கு 36 லிட்டர். இதோடு நின்றிருந்தால் பயிற்சிப் புத்தகத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆனால் இடைவேளையில் எல்லாக் குழாய்களும் திறந்திருக்கும் நேரத்தில் அளந்த ஒரு மாணவி, அதே குழாயில் 180 மில்லிலிட்டர்தான் வந்தது என்கிறாள். மற்றக் குழாய்கள் திறந்திருக்கும்போது நீரழுத்தம் குறைகிறது. அப்படியானால் 250ஐ 24 மணிநேரத்துக்கும் பெருக்கியது செல்லுமா? விகிதசமம் எந்த நிபந்தனையில் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது பாடநூலில் ஒரு வரியாகவே வரும். இங்கே அது வகுப்பின் முழு உழைப்பையும் அசைத்துவிடுகிறது. நாளின் பல வேளைகளில் அளந்து சராசரி காண்பதென்று அவர்களே முடிவெடுக்கிறார்கள்.

முதல் பட்டியலைப் பார்த்த பராமரிப்பாளர், “எண்கள் சரி, ஆனால் எது எந்தக் குழாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று திருப்பித் தருகிறார். அளவுத்திட்டத்தோடு கூடிய வளாக வரைபடம் அப்போதுதான் பிறக்கிறது. விகிதம் என்னும் பாடம் அங்கே இன்னொரு முறை வந்துசேர்கிறது.

அப்படியானால் ஆசிரியர் பாடம் நடத்துவதை நிறுத்திவிட வேண்டுமா?

கூடவே கூடாது. இம்முறைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததே இந்தத் தவறான புரிதல்தான். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் 2006இல் எழுதிய, பெரிதும் விவாதிக்கப்பட்ட ஒரு கட்டுரை, குறைந்த வழிகாட்டுதலோடு மாணவரைத் தாமே கண்டறிய விடும் முறைகள் தொடக்கநிலையினருக்குப் பயனளிப்பதில்லை என்று வாதிட்டது. நமது செயல்நினைவு ஒரே நேரத்தில் சில விவரங்களையே தாங்கும்; ஒரு துறையில் முன்னறிவு இல்லாதவர், வழி தேடுவதிலேயே அந்த இடத்தை நிரப்பிவிட்டால், கற்பதற்கு இடம் மிஞ்சாது. அடுத்த ஆண்டிலேயே மறுமொழி எழுதிய மெலோ-சில்வரும் அவருடைய சக ஆய்வாளர்களும், நன்கு வடிவமைத்த சிக்கல்வழிக் கற்றலிலும் விசாரணைவழிக் கற்றலிலும் வழிகாட்டுதல் ஏராளமாக உண்டு என்றும், அவற்றைக் ‘குறைந்த வழிகாட்டுதல்’ என்று வகைப்படுத்தியதே பிழை என்றும் சொன்னார்கள்.

இருதரப்பையும் படித்தவர் வகுப்பறைக்குக் கொண்டுபோகக்கூடிய பாடம் ஒன்றுதான்: மாணவருக்குத் தெரியாததை நேரடியாகக் கற்பித்துவிட வேண்டும். குழாய்த் திட்டத்தில், அலகு மாற்றம் தெரியாத மாணவரை “நீயே கண்டுபிடி” என்று விடுவது கொடுமை. இருபது நிமிடம் கரும்பலகையில் நடத்தி, தீர்த்துக்காட்டிய கணக்கு இரண்டைக் கொடுத்து, பயிற்சி செய்யவைத்த பிறகு அளவுக்குவளையிடம் அனுப்புங்கள். செயல்திட்டம் அந்த இருபது நிமிடத்துக்குப் பசியை உண்டாக்குகிறது.

இதனால் மாணவர்கள் உண்மையில் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு, எதிர்ச்சான்றும் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், கல்லூரி நிலைப் பாடங்களான அமெரிக்க அரசும் அரசியலும், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகியவற்றைச் செயல்திட்டவழியில் நடத்திய ஆசிரியர்களின் வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. முதலாண்டிலேயே, செயல்திட்ட வகுப்பு மாணவர்கள் பொதுத்தேர்வில் தேறும் விகிதம் ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. தேர்வு வழக்கமான தேர்வுதான். செயல்திட்டத்துக்கெனத் தனியாக அமைக்கப்பட்டதல்ல. இதுவே அந்த முடிவுக்கு எடை சேர்க்கிறது.

மறுபுறம், இங்கிலாந்தில் ஏழாம் ஆண்டு (11–12 வயது) மாணவர்களிடையே செயல்திட்டவழிக் கற்றலைச் சோதித்து 2016இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், மொழித்திறனில் தெளிவான முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. இலவச உணவு பெறும் ஏழை மாணவர்கள் சற்றுப் பின்தங்கியதற்கான அறிகுறியும் தென்பட்டது. திட்டத்தை மேற்கொண்ட பள்ளிகளில் ஏறத்தாழப் பாதி இடையிலேயே விலகிவிட்டதால் அம்முடிவை இறுதியானதாகக் கொள்ள முடியாது. ஆனால் அத்தனை பள்ளிகள் விலகியதே நமக்கு ஒரு செய்தி. அமெரிக்க ஆய்வில் ஆசிரியர்களுக்கு ஆயத்தப் பாடத்திட்டமும் ஆண்டு முழுவதும் தொடர்ந்த பயிற்சியும் இருந்தன. இம்முறை ஆசிரியரின் ஆயத்தத்தைப் பொறுத்தே வாழும், சாகும் என்று இவ்விரு முடிவுகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லையே?

நியாயமான கவலை. எல்லாப் பாடத்தையும் செயல்திட்டமாக்க முயலாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு, ஒரு பாடத்தில், போதும். செயல்திட்டத்தைப் பாடத்தின்மேல் கூடுதல் சுமையாக ஏற்றினால் நேரம் போதாது. பாட அலகுக்குப் பதிலாக வைத்தால்தான் கணக்கு நேராகும். அதற்கு, திட்டத்தை வரையும்போதே, எந்தெந்தக் கற்றல் இலக்குகள் இதில் நிறைவேறும் என்று எழுதிவைக்க வேண்டும். அந்தப் பட்டியல் மிகக் குட்டையாக இருந்தால், திட்டம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் கைவிட்டுவிடுவதே சரி. பெருக்கல் வாய்ப்பாடு, எழுத்துக்கூட்டிப் படித்தல் போன்றவற்றுக்கு நேரடிப் பயிற்சியே சிறந்தது. அவற்றைச் செயல்திட்டத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை.

குழுவில் ஒருவர் உழைக்க, மற்றவர்கள் பெயர் மட்டும் போட்டுக்கொள்கிறார்களே?

குழுவை அமைத்த விதத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். ஐந்து பேருக்கு ஒரு சார்ட் என்றால், எழுதக்கூடிய கை ஒன்றுதான். மற்ற நான்கு பேரும் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன செய்வார்கள்? மூன்று பேர், அதிகம் போனால் நான்கு பேர் என்று குழுவைச் சிறிதாக்கி, ஒவ்வொருவரிடமிருந்தும் தனியாக ஒரு பகுதியை வாங்க வேண்டும். குழாய்த் திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு குழாயை அளந்து தம் நோட்டில் கணக்கிட்டுவிட்டு, அதன் பிறகே குழுவின் பட்டியலில் சேர்க்கலாம். எந்த உறுப்பினரை எழுப்பிக் கேட்டாலும் குழுவின் முழு வேலையையும் விளக்க வேண்டும் என்ற விதியும் வியக்கத்தக்க அளவுக்கு வேலை செய்யும். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர், தம் பிள்ளை மற்றவர்களுக்காக உழைத்துத் தேய்கிறது என்று சொன்னால், அந்தப் புகாரைத் தள்ளிவிடாமல் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும்.

மதிப்பெண் எப்படிக் கொடுப்பது?

கூடியவரை முடிவுப்பொருளின் அழகுக்குக் கொடுக்காதீர்கள். அழகு பெரும்பாலும் வீட்டிலிருந்து வருகிறது. அறிவுக்குத் தனியே ஒரு சிறு எழுத்துத் தேர்வு, குழு வேலைக்குத் தனி மதிப்பீடு, திருத்தியெழுதிய படிகளுக்குத் தனி மதிப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். அளவுகோல்களைத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். சிறந்த ஒன்று எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி இரண்டைக் காட்டி, “இது ஏன் நன்றாக இருக்கிறது?” என்று கேட்டு, அவர்களின் விடைகளிலிருந்தே அளவுகோலை உருவாக்கும் ஆசிரியர்களும் உண்டு.

திருத்தித் திருத்தி எழுதச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துவிடமாட்டார்களா?

கேள்வியின் பின்னால் உள்ள அச்சம் புரிகிறது. ஆனால் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்வது திருத்தம் என்பதைவிட, எதைத் திருத்துவதென்று தெரியாமையே. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் வரைந்த பட்டாம்பூச்சிப் படங்களை, ரான் பெர்கர் என்ற கல்வியாளர் பல அரங்குகளில் காட்டியிருக்கிறார். ஒளிப்படத்தைப் பார்த்து வரைய வேண்டிய படத்தில், முதல் படி எந்தக் குழந்தையும் வரையும் பொதுவான பட்டாம்பூச்சிதான். சக மாணவர்கள் முதலில் சிறகின் வடிவத்தை மட்டும் விமர்சித்தார்கள்: சிறகு இன்னும் கூர்மையாக, முக்கோணமாக இருக்க வேண்டும். வடிவம் சரியான பிறகே உள்ளிருக்கும் கோடுகளைப் பற்றிப் பேசினார்கள். ஆறாவது படி, அறிவியல் நூலில் அச்சிடத்தக்க அளவுக்குத் துல்லியமாக இருந்தது.

அந்த விமர்சனங்கள் குறிப்பானவை, ஒரு நேரத்தில் ஒன்றைப் பற்றியவை, கனிவானவை. “நன்றாக இருக்கிறது”, “இன்னும் முயற்சி செய்” என்ற இரண்டு வாக்கியங்களாலும் ஒரு கோடுகூட மாறாது. ஆறு வயதுப் பிள்ளையால் ஆறு முறை வரைய முடிந்ததென்றால், பதின்மூன்று வயதில் இரண்டாவது படிக்கே முகம் சுளிக்கும் மாணவரிடம் நாம் இதுவரை எப்படிப்பட்ட கருத்துகளைச் சொல்லிவந்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெற்றோர் எவ்வளவு உதவலாம்?

கேள்வி கேட்கலாம், கேட்பவராக உட்காரலாம், வெட்டும் கருவிகளைக் கையாளும்போது உடனிருக்கலாம். பிள்ளை தூங்கிய பிறகும் நீங்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், எல்லையைக் கடந்துவிட்டீர்கள். பள்ளியின் பங்கும் இதில் உண்டு: வேலையின் பெரும்பகுதி பள்ளி நேரத்திலேயே நடந்தால், வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளை பின்தங்காது.

இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவிடமிருந்தோ முழு அறிக்கையும் கிடைத்துவிடுமே?

“நீர் மாசுபாடு பற்றி ஒரு திட்ட அறிக்கை” என்று கேட்டால் கிடைக்கும். மூன்றாம் மாடிக் குழாயில் இடைவேளையின்போது எவ்வளவு ஒழுகியது என்று கேட்டால் கிடைக்காது. பார்த்தெழுதக்கூடிய செயல்திட்டம், கேள்வியிலேயே குறையுடைய செயல்திட்டம். திரட்டிய தரவைத் தொகுக்கவும் எழுதியதைச் சரிபார்க்கவும் கருவிகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. எதற்குப் பயன்படுத்தினோம் என்பதை மாணவர் எழுதிக்காட்டினால் போதும்.

இதற்கெல்லாம் செலவாகாதா?

அளவுக்குவளை, கடிகாரம், நோட்டு. ஆசிரியரின் ஆயத்த நேரம்தான் பெருஞ்செலவு. அதைக் கால அட்டவணையில் ஒதுக்காமல் செயல்திட்டம் நடத்தச் சொல்லும் நிர்வாகம், ஆசிரியரின் சொந்த நேரத்தைக் கடன் வாங்குகிறது.

திட்டம் தோற்றுப்போனால்?

அளவீடு பொருந்தாமல் போகலாம், செடி வாடலாம், வருவதாகச் சொன்னவர் வராமலிருக்கலாம். கிடைத்த தரவையும் கிடைக்காததற்கான காரணத்தையும் எழுதிய அறிக்கைக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால், வேண்டிய விடை வரும்படி எண்களைத் திருத்தும் பழக்கத்தை நாமே ஊட்டியவர்களாவோம்.

முதன்முறை முயலும் ஆசிரியர் எங்கிருந்து தொடங்கலாம்?

நீங்கள் ஏற்கெனவே பலமுறை நடத்திப் பழகிய, எங்கே மாணவர்கள் தடுமாறுவார்கள் என்று நன்கு அறிந்த ஒரு பாட அலகை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அந்த அலகு பயன்படும் ஒரு சிக்கல் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள்: நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகங்கள், வெளிச்சம் போதாத வகுப்பறை, உணவு இடைவேளையில் நீளும் வரிசை. முடிவை யாரிடம் கொடுக்கப்போகிறீர்களோ அவரிடம் முன்கூட்டியே பேசி, எது கிடைத்தால் அவருக்குப் பயன்படும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மாணவர்களுக்குக் கொடுக்கப்போகும் வேலையை, ஒரு மாலைப்பொழுதில், நீங்களே ஒருமுறை தனியாகச் செய்து பாருங்கள். முதல் வாரத்தில் எந்தப் பாடத்தை எந்த நாளில் நடத்த வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.